சிறு பட்டறைக்காரர் மத்திய அரசுக்கு எப்படி விற்பது?

கேட்டவர் கோவை கணபதியில் பட்டறை வைத்திருக்கிறார். ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். ஸ்டீல் பீரோ, ரேக், கணினி மேசை செய்கிறார்கள். பக்கத்திலுள்ள ஒரு மத்திய அரசு அலுவலகத்துக்கு கொட்டேஷனோடு போனபோது, "ஜெம் போர்ட்டல்ல வாங்க சார்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஜெம் என்பது அரசு அலுவலகங்கள் பொருள் வாங்கும் இணையச் சந்தை. வீட்டுக்கு வந்து ஒரு டெண்டரைத் திறந்து பார்த்தால் டெண்டரோடு கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகை, மூன்று வருட டர்ன்ஓவர், அனுபவச் சான்று என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு எளிய வழி உண்டா, இல்லை எல்லாமே பெரிய கம்பெனிகளுக்குத்தானா என்பது அவருடைய கேள்வி. கூடவே, சரக்கைக் கொடுத்துவிட்டுப் பணத்துக்கு அலைய வேண்டியிருக்குமா என்றும் கேட்டிருக்கிறார்.

எளிய வழி இருக்கிறது. மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் கொள்முதல் பிரிவில் பல வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். இப்போது சில சிறு பட்டறைகளுக்கு இந்த வேலையில் கூட இருந்து உதவுகிறேன். மேசையின் இரண்டு பக்கமும் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது இது: சின்னத் தொகைக்கான நடைமுறையை அரசு நன்றாகவே எளிதாக்கி வைத்திருக்கிறது. ஆனால் அதிலுள்ள சலுகை எதுவும் தானாக உங்கள் கைக்கு வராது. சரியான தாளை, சரியான இடத்தில், கடைசி நேரத்துக்கு முன்பே வைத்துக் கேட்டால்தான் கிடைக்கும். நல்ல சரக்கு செய்கிறவர்கள் தோற்றுப்போவதை நான் பார்த்ததெல்லாம் இந்த இடத்தில்தான்.

முதலில், அந்த அலுவலகத்தில் உங்களை ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்று பார்ப்போம். அலட்சியம் என்று நினைக்க வேண்டாம். மத்திய அரசு அலுவலகங்கள் எதை வாங்கினாலும் 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளைப் பின்பற்ற வேண்டும். அதில் 149ஆம் விதி, ஜெம் போர்ட்டலில் கிடைக்கும் பொருளை அங்கேதான் வாங்க வேண்டும் என்கிறது. முன்பெல்லாம் டி.ஜி.எஸ்.&டி. என்ற துறை விலை ஒப்பந்தம் போட்டு வைத்திருக்கும்; நாங்கள் அந்தப் பட்டியலைப் பார்த்து ஆர்டர் போடுவோம். 2016 ஆகஸ்டில் ஜெம் வந்தது. 2017 அக்டோபர் 31ஆம் தேதி அந்தத் துறையையே மூடிவிட்டார்கள். இன்றைக்கு ஓர் அதிகாரி ஜெம்முக்கு வெளியே பீரோ வாங்க வேண்டுமானால், அந்தப் பொருள் அங்கே கிடைக்கவில்லை என்று போர்ட்டலிலேயே ஓர் அறிக்கை எடுத்துக் கோப்பில் வைக்க வேண்டும். பீரோ அங்கே நூற்றுக்கணக்கில் இருக்கும்போது அந்த அறிக்கை எப்படி வரும்? தணிக்கைக்கு வருகிறவர் முதலில் கேட்பதே அந்தத் தாளைத்தான். உங்கள் கொட்டேஷனை வாங்கி வைத்துக்கொண்டு அவரால் எதுவும் செய்ய முடியாது.

சரி, ஜெம்முக்குள் எப்படி வாங்குகிறார்கள்? தொகையைப் பொறுத்து மூன்று படி இருக்கிறது. 50,000 ரூபாய் வரை என்றால் தரம், அளவு, டெலிவரி நாள் மூன்றும் பொருந்தும் எந்த விற்பனையாளரிடமும் அதிகாரி நேராக ஆர்டர் போடலாம். டெண்டரே கிடையாது. 50,000க்கு மேல் 10 லட்சம் வரை, குறைந்தது மூன்று வெவ்வேறு தயாரிப்பாளர்களின் பொருளைத் திரையில் ஒப்பிட்டு, அதில் விலை குறைந்தவரிடம் வாங்கலாம். இதைத்தான் எல்-1 என்பார்கள். 10 லட்சத்தைத் தாண்டினால் பிட் (போர்ட்டலிலேயே நடக்கும் டெண்டர்) அல்லது தலைகீழ் ஏலம் (விற்பவர்கள் போட்டி போட்டு விலையைக் குறைத்துக்கொண்டே போவது) கட்டாயம். முன்பு இந்த வரம்புகள் 25,000 என்றும் 5 லட்சம் என்றும் இருந்தன, பிறகு உயர்த்தினார்கள். பழைய எண்ணையே இன்னும் பல இடங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

உங்களைப் போன்ற பட்டறைக்கு வாசல் முதல் படிதான். ஒரு பீரோ பதினோராயிரம் என்றால் நான்கு பீரோ அந்த வரம்புக்குள் வந்துவிடும். ஒரு கிளை அலுவலகம், ஒரு கேந்திரிய வித்யாலயா, ஓர் ஆய்வுக்கூடம், எல்லோருக்கும் வருடத்தில் இப்படி நான்கு பீரோ, ஆறு ரேக் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். பெரிய கம்பெனிகள் இந்தச் சின்ன ஆர்டர்களுக்கு மெனக்கெடுவதில்லை. அதிகாரிக்கும் பக்கத்து ஊர்ப் பட்டறை என்றால் நிம்மதி, ஏனென்றால் பூட்டு சரியில்லை என்றால் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போவார்.

ஜெம்மில் இல்லாத பொருளுக்கு மட்டும் பழைய எளிய முறைகள் இன்னும் இருக்கின்றன. 154ஆம் விதிப்படி, சின்னத் தொகைக்குக் கொட்டேஷனே இல்லாமல் வாங்கலாம். பொருள் தேவையான தரத்தில் இருக்கிறது, நம்பகமான விற்பனையாளரிடம் நியாயமான விலைக்கு வாங்கப்பட்டது என்று தனக்குத் திருப்தி என அதிகாரி கையெழுத்துப் போட்டுச் சான்று தந்தால் போதும். அதற்கு அடுத்த தொகைக்கு 155ஆம் விதி: மூன்று பேர் கொண்ட உள்ளூர்க் கொள்முதல் குழு கடைவீதிக்குப் போய் விசாரித்து, மூவரும் சேர்ந்து சான்று தருவார்கள். உங்கள் பொருள்களில் ஏதாவது விசேஷ அளவில் செய்வது, பழைய அறையின் மூலைக்கு ஏற்ற ரேக் மாதிரி, இந்த வழியில் வரலாம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஒரு லட்சத்துக்கு மேல் தேவை இருக்கும்போது, "நாற்பத்தெட்டாயிரத்துக்கு மூணு பில்லா போட்டுக் குடுங்க" என்று யாராவது கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மேலதிகாரியின் ஒப்புதலைத் தவிர்ப்பதற்காகத் தேவையைத் துண்டு போடக் கூடாது என்று 157ஆம் விதி நேராகவே சொல்கிறது. தணிக்கையில் சிக்குவது அவர் என்றாலும், மூன்று பில்லிலும் இருப்பது உங்கள் பெயர். விசாரணை வந்தால் உங்கள் பணமும் அதோடு சேர்ந்து நின்றுவிடும்.

அடுத்தது உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தர நிறுவனம் என்று மத்திய அரசிடம் செய்யும் பதிவு. இதை எடுத்திருக்கிறீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. இல்லையென்றால் இன்றைக்கே எடுங்கள். இலவசம், ஆதாரும் பான் எண்ணும் ஜி.எஸ்.டி. எண்ணும் போதும். இதற்கு ஆயிரம் இரண்டாயிரம் கேட்கும் இணையதளங்கள் அரசு தளம் மாதிரியே தோற்றம் வைத்திருக்கும், ஏமாறாதீர்கள். 2025 ஏப்ரல் 1 முதல் வரம்பை உயர்த்தியிருக்கிறார்கள்: இயந்திர முதலீடு இரண்டரைக் கோடிக்குள், விற்பனை 10 கோடிக்குள் என்றால் குறு நிறுவனம், முதலீடு 25 கோடி, விற்பனை 100 கோடி வரை சிறு நிறுவனம். நீங்கள் தாராளமாகக் குறு நிறுவனத்தில் வருவீர்கள். இனி சலுகை பற்றிப் பேசும்போது சிறு நிறுவனம் என்று நான் சொல்வதில் குறு நிறுவனமும் அடக்கம்.

அந்தப் பதிவில் ஒரு வரியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். முக்கியத் தொழில் எது என்ற இடத்தில் உற்பத்தி என்று இருக்கிறதா, வணிகம் என்று இருக்கிறதா? எனக்குத் தெரிந்த ஒருவர் சொந்தமாகத் தகடு வெட்டி, வளைத்து, வெல்டிங் வைத்து, பவுடர் கோட்டிங் வரை தன் கூரைக்குக் கீழேயே செய்கிறவர். பதிவு செய்து கொடுத்த கணினி மையத்துப் பையன் "வணிகம்" என்று தட்டிவிட்டான். அவரும் பார்க்கவில்லை. ஒன்பது லட்ச ரூபாய் பிட். விலையில் அவர்தான் குறைவு. முன்வைப்புத் தொகை கட்டவில்லை, சிறு நிறுவனம் என்று விலக்குக் கேட்டிருந்தார். வணிகருக்கு அந்த விலக்கு கிடையாது என்று தொழில்நுட்பப் பரிசீலனையிலேயே தள்ளிவிட்டார்கள். அந்த அதிகாரி செய்ததில் தப்பில்லை, அவர் முன்னால் இருந்த தாள் அப்படித்தான் சொன்னது. ஒரு வார்த்தையைத் திருத்த அதன் பிறகு பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஏன் இந்த வித்தியாசம்? சிறு நிறுவனங்களுக்கான சலுகையெல்லாம் 2012ஆம் ஆண்டின் பொதுக் கொள்முதல் கொள்கை ஆணையிலிருந்து வருகிறது. தாங்களே தயாரிக்கும் பொருளுக்கும் தாங்களே தரும் சேவைக்கும் மட்டும்தான் அது பொருந்தும். வாங்கி விற்கிறவர்களுக்குக் கிடையாது. நடுத்தர நிறுவனங்களுக்கும் கிடையாது. கட்டடம், சாலை போன்ற பணி ஒப்பந்தங்களுக்கும் பொருந்தாது. ஆகவே ஜெம்மில் உங்கள் பீரோவை ஏற்றும்போது நீங்களே தயாரிப்பாளர் என்று பதிவு செய்யுங்கள். இன்னொருவர் பிராண்டை எடுத்து விற்கும் மறுவிற்பனையாளராகப் பதிந்தால் சலுகை போய்விடும்.

அந்த ஆணை என்ன தருகிறது என்று பார்ப்போம். மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் வருடத்தில் வாங்குவதில் குறைந்தது 25 சதவீதம் குறு, சிறு நிறுவனங்களிடம் இருக்க வேண்டும். அதற்குள் 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடியினரின் நிறுவனங்களுக்கு, 3 சதவீதம் பெண்களின் நிறுவனங்களுக்கு. முதலில் இது 20 சதவீதமாக இருந்தது, 2019 ஏப்ரலில்தான் 25 ஆனது. டெண்டர் படிவம் இலவசம், முன்வைப்புத் தொகை விலக்கு. அப்புறம், 358 பொருள்களைச் சிறு நிறுவனங்களிடம் மட்டுமே வாங்க வேண்டும் என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அரக்கு முத்திரை மெழுகு, முள்கம்பி, குடை என்று போகும் அந்தப் பட்டியலில் ஸ்டீல் பீரோவும் ஸ்டீல் நாற்காலியும் இருக்கின்றன. உங்கள் முக்கியச் சரக்கே பட்டியலில் இருக்கிறது! பீரோவுக்கு ஒரு மத்திய அரசு அலுவலகம் பிட் போட்டு, சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்கீடு என்று குறிக்காமல் விட்டிருந்தால், பிட் முடிவதற்கு முன்பே இந்தப் பட்டியலைச் சுட்டிக்காட்டி மரியாதையாக ஒரு முறையீடு போடுங்கள். பெரும்பாலும் கவனக்குறைவாகத்தான் இருக்கும், திருத்திவிடுவார்கள்.

பட்டியலில் இல்லாத பொருளுக்கு இன்னொரு வழி இருக்கிறது. ஒரு கணக்கோடு சொல்கிறேன். 200 கணினி மேசைக்குப் பிட். பெரிய கம்பெனி ஒன்று 11,000 போட்டு எல்-1 ஆகிவிட்டது. உங்கள் விலை 12,400. எல்-1 விலைக்கு மேல் 15 சதவீதத்துக்குள், அதாவது 12,650க்குள் இருக்கிறீர்கள். அந்தப் பெரிய கம்பெனி சிறு நிறுவனமாக இல்லாத பட்சத்தில், 11,000க்கு இறங்கி வருகிறீர்களா என்று உங்களைக் கேட்பார்கள். சரி என்றால் நான்கில் ஒரு பங்கு, 50 மேசை உங்களுக்கு. அந்த வரம்புக்குள் இன்னும் இரண்டு சிறு நிறுவனங்கள் இருந்தால் அந்தப் பங்கைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பிரிக்க முடியாத பொருள் என்றால் முழுவதையுமே சிறு நிறுவனத்துக்குக் கொடுக்கலாம். எல்-1 ஏற்கெனவே சிறு நிறுவனம்தான் என்றால் இந்தக் கேள்வியே எழாது.

கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் 12,400 என்று நீங்கள் போட்டது கணக்குப் போட்டுத்தானே? மேசைக்கு 1,400 ரூபாய் எங்கிருந்து குறைப்பீர்கள்? அந்தச் சமயத்தில் ஆசையில் சரி என்று சொல்லிவிட்டு, பிறகு தகட்டின் கனத்தில் கைவைத்து, சோதனையில் நிராகரிக்கப்பட்டவர்களை எனக்குத் தெரியும். இறங்க முடியாது என்றால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். அதற்குத் தண்டனை எதுவும் இல்லை.

தலைகீழ் ஏலத்துக்கும் இதே அறிவுரைதான். அங்கே திரையில் விலை இறங்கிக்கொண்டே இருக்கும், கை பரபரக்கும். ஏலத்துக்கு முந்தின நாள் ராத்திரி நிதானமாக உட்கார்ந்து, இதற்குக் கீழே போக மாட்டேன் என்று ஓர் எண்ணைத் தாளில் எழுதி, வீட்டில் இன்னொருவரிடம் கொடுத்து வையுங்கள்.

இனி அந்த டர்ன்ஓவர், அனுபவம். ஒவ்வொரு ஜெம் பிட் ஆவணத்தின் முதல் பக்கத்திலும் ஒரு கட்டம் போட்ட பகுதி இருக்கும். அதில் "அனுபவம், டர்ன்ஓவர் ஆகியவற்றில் சிறு நிறுவனங்களுக்கு விலக்கு" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். எதிரே ஆம் அல்லது இல்லை. முழு ஆவணத்தையும் படிக்கும் முன் அந்த ஒரு வரியைப் பாருங்கள். ஆம் என்றால், தரமும் அளவும் பொருந்தினால் போதும், பழைய ஆர்டர் காட்ட வேண்டியதில்லை. இல்லை என்றால், நிபந்தனையை நிறைவு செய்ய முடியுமா என்று யோசியுங்கள். முடியாது என்றால் அடுத்த பிட்டுக்குப் போங்கள். அனுபவ நிபந்தனையைத் தளர்த்தலாம் என்று 2016 முதல் அரசு சொல்லியிருக்கிறது, ஆனால் எல்லா இடத்திலும் தளர்த்தியே ஆக வேண்டும் என்பதில்லை. நீங்கள் திறந்து பார்த்துப் பயந்துபோன அந்த டெண்டரில்கூட இந்த வரி ஆம் என்று இருந்திருக்கலாம்.

அதே ஆவணத்தில் இன்னும் பார்க்க வேண்டியவை: முன்வைப்புத் தொகை தேவையா, செயல்திறன் உத்தரவாதம் (ஆர்டரை ஒழுங்காக முடிப்பேன் என்பதற்கு வென்றவர் வைக்கும் பிணைத் தொகை) எத்தனை சதவீதம், மதிப்பீடு மொத்தமாகவா ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகவா, டெலிவரி எந்த ஊருக்கு எத்தனை நாளில். செயல்திறன் உத்தரவாதத்துக்குச் சிறு நிறுவனம் என்று விலக்கு இல்லை, இதை நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். இப்போதைய விதிப்படி ஒப்பந்தத் தொகையில் 3 முதல் 5 சதவீதம். வங்கியில் உத்தரவாதம் எடுக்க வேண்டும், அதற்கு வங்கி உங்கள் வைப்பைப் பிடித்து வைக்கும். அந்தப் பணம் வாரண்டி காலம் முடிகிற வரை கையில் இருக்காது என்று கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசிப் பக்கங்களில் வாங்குபவர் தனியாகச் சேர்த்த நிபந்தனைகள் என்று ஒரு பகுதி வரும், சில நேரம் அது தனிக் கோப்பாக இணைக்கப்பட்டிருக்கும். தேவைப்படும் சான்றுகளின் பட்டியல் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். உள்நாட்டு உற்பத்தி எத்தனை சதவீதம் என்ற சுய உறுதிமொழியும் கேட்பார்கள். உங்கள் தகடும் வேலையும் இங்கேயே என்பதால் 50 சதவீதத்துக்கு மேல் என்று நீங்கள் உண்மையாகவே எழுதலாம்.

பிட் போடும்போது, சிறு நிறுவனச் சலுகை வேண்டுமா என்று திரை கேட்கும். அங்கே ஆம் என்று தேர்ந்தெடுத்து, உத்யம் சான்றையும் ஏற்றுங்கள். உத்யம் எண் கணக்கில் ஏற்கெனவே இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். தொழில்நுட்பப் பரிசீலனையில் உங்களை நிராகரித்தால் முறையிடக் கொடுக்கும் அவகாசம் மிகக் குறைவு, வழக்கமாக இரண்டு நாள். அதனால் பிட் போட்ட பிறகு மின்னஞ்சலைத் தினமும் காலையும் மாலையும் பார்க்க ஒருவரை நியமியுங்கள்.

இப்போது விலை. ஜெம்மில் நீங்கள் போடும் விலை எல்லாம் சேர்ந்த விலை. ஜி.எஸ்.டி., லாரி வாடகை, ஏற்றி இறக்கும் கூலி, வாங்குபவர் சொல்லும் இடத்தில் கொண்டுபோய் வைக்கும் வரை உங்கள் செலவு. பட்டறை வாசலில் ஒரு பீரோவுக்கு 8,500 வேண்டும் என்று வையுங்கள். புதிதாக வருகிறவர் கொஞ்சம் லாபம் வைத்து 9,000 என்று ஏற்றிவிடுவார். ராமேஸ்வரத்திலிருந்து ஐந்து பீரோ ஆர்டர் வரும். 9,000இல் 18 சதவீத ஜி.எஸ்.டி. மட்டும் 1,373 ரூபாய். மிச்சம் 7,627. வண்டியும் கூலியும் பீரோவுக்கு 700 என்று பார்த்தால் கையில் நிற்பது 6,927. ஒரு பீரோவுக்கு 1,573 நஷ்டம், ஐந்துக்கு ஏழாயிரத்து எண்ணூறுக்கு மேல். சரியான கணக்கு: 8,500, வண்டி 700, இரண்டும் சேர்ந்த 9,200க்கு 18 சதவீதம் கூட்டி 10,856. ஆரம்பத்தில் கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி என்று உங்கள் டெம்போ ஒரே நாளில் போய் வரும் இடங்களை மட்டும் டெலிவரிப் பகுதியாக வையுங்கள். இந்தியா முழுவதும் என்று வைத்தால் வடகிழக்கிலிருந்து ஓர் ஆர்டர் வந்து நிற்கும். மறுத்தால் உங்கள் கணக்கில் கரும்புள்ளி.

தாமதத்துக்கும் தண்டம் உண்டு: வாரத்துக்கு அரை சதவீதம், அதிகபட்சம் 10. பவுடர் கோட்டிங்கை வெளியில் கொடுத்து வாங்குகிறவர்கள், அவர்கள் சொல்லும் நாளோடு ஒரு வாரம் கூட்டி டெலிவரி நாள் போடுவது நல்லது. போர்ட்டலின் கட்டணம் உங்களுக்குப் பெரிய பாரமில்லை: 2024 ஆகஸ்டிலிருந்து 10 லட்சம் வரையிலான ஆர்டர்களுக்குப் பரிவர்த்தனைக் கட்டணமே இல்லை. அதற்கு மேல் 10 கோடி வரை 0.30 சதவீதம்.

இனி நீங்கள் கேட்ட பணம். எனக்கு இதில்தான் அக்கறை அதிகம், ஏனென்றால் ஆர்டர் கிடைக்காமல் மூடிய பட்டறைகளைவிட, ஆர்டர் கிடைத்துப் பணம் வராமல் தள்ளாடிய பட்டறைகளை அதிகம் பார்த்திருக்கிறேன். ஜெம்மில் சரக்கு போய் இறங்கியதும் அதைப் பெறும் அலுவலர் முதலில் தற்காலிக ரசீது தர வேண்டும், பிறகு பத்து நாளைக்குள் சோதித்து ஏற்புச் சான்று தர வேண்டும். சி.ஆர்.ஏ.சி. என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அந்தச் சான்று வந்த நாளிலிருந்து பத்து நாளில் பணம் வர வேண்டும். ஆகவே கடிகாரம் ஓட ஆரம்பிப்பது சி.ஆர்.ஏ.சி.யில். பல சமயம் ஆர்டர் போட்டவர் ஒருவர், சரக்கை வாங்குகிறவர் இன்னொருவர். பின்னவர் ஸ்டோர் பொறுப்பாளராக இருப்பார். போர்ட்டல் கடவுச்சொல்லை எங்கோ எழுதி வைத்திருப்பார். சரக்கோடு டிரைவரை மட்டும் அனுப்பாமல், முதல் சில ஆர்டர்களுக்கு நீங்களே போய், பீரோவைத் திறந்து மூடிக் காட்டி, சாவிகளை எண்ணிக் கொடுத்து, தற்காலிக ரசீதை அப்போதே போடச் சொல்லிப் பக்கத்தில் நின்றுவிட்டு வாருங்கள். யாரும் இதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. எங்கள் ஸ்டோரில் அப்படி வந்து நின்ற பட்டறைக்காரர்களின் பில்தான் முதலில் நகர்ந்தது.

மார்ச் மாதத்தில் கவனமாக இருங்கள். நிதியாண்டு முடியப்போகிறது, ஒதுக்கிய பணம் வீணாகிவிடும் என்று ஆர்டர்கள் குவியும். ஆனால் மார்ச்சில் வருடச் செலவில் 15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று அமைச்சகங்களுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. சரக்கு மார்ச் 28இல் இறங்கி, சான்று ஏப்ரலில் வந்தால், புது வருட ஒதுக்கீட்டிலிருந்துதான் பணம் எடுக்க வேண்டும். அது வர எத்தனை நாள் ஆகும் என்பது உங்கள் கையிலோ அந்த அதிகாரி கையிலோ இல்லை. பிப்ரவரிக்குள் கொடுத்து முடிக்க முடிந்த ஆர்டர்களை எடுங்கள்.

ஒப்பந்தத் தொகை வரியில்லாமல் இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் அரசு அலுவலகம் 2 சதவீதம் ஜி.எஸ்.டி. பிடித்தம் செய்யும். மேலே சொன்ன 50 மேசை ஆர்டரில் வரியைக் கழித்தால் மதிப்பு 4,66,102. பிடித்தம் 9,322 ரூபாய். அது போன பணமல்ல. ஜி.எஸ்.டி. தளத்தில் நீங்கள் ஏற்றுக்கொண்டால் உங்கள் ரொக்கப் பேரேட்டுக்கு வந்துவிடும். ஏற்றுக்கொள்ளாமல் வருடக்கணக்கில் அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள் பலர். உங்கள் கணக்காளரிடம் மாதாமாதம் இதைக் கேளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பணம் வரவில்லை என்றால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, எழுதிய ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தள்ளிப்போட முடியாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. வாங்குபவர் அரசு என்பதால் இதில் விலக்கில்லை. இதற்கென்று அரசு வைத்திருக்கும் இணையதளத்தில் பில்லோடும் ஆர்டரோடும் மனு போட்டால், இந்த மாதிரி வழக்குகளைத் தீர்க்கும் வசதியாக்க மன்றத்துக்குப் போகும். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி போன்ற இடங்களில் மன்றங்கள் இருக்கின்றன, நீங்கள் கோவையிலேயே முடித்துக்கொள்ளலாம். மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போக வேண்டுமானால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். ஆனால் சப்ளை செய்து முடித்த பிறகு உத்யம் எடுத்தால் பழைய பில்லுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். பதிவை முதலில் எடுக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மனு போட்டால் அடுத்த ஆர்டர் வராதே என்று பயப்படுவது இயல்புதான். என் வழக்கம் இப்படி: முப்பதாவது நாள் ஒரு நினைவூட்டல் கடிதம், நாற்பத்தாறாவது நாள் 15, 16ஆம் பிரிவுகளைக் குறிப்பிட்டு இன்னொரு கடிதம், நகல் அந்த அலுவலகத்தின் நிதிப் பிரிவுக்கு. வட்டி என்ற சொல் எழுத்தில் வந்ததும், அதைக் கட்ட நேர்ந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி கோப்பில் ஏறிவிடும். நான் பார்த்தவரை பெரும்பாலான பில்கள் அந்த இரண்டாவது கடிதத்தோடு நகர்ந்துவிட்டன. மன்றம் வரை போனவை கொஞ்சம்தான்.

மாநில அரசுக்கும் மாநகராட்சிக்கும் இதே விதிகள் பொருந்துமா என்று அடுத்து கேட்பீர்கள். பொருந்தாது. அவை 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி நடக்கின்றன, போர்ட்டலும் வேறு. மேலே சொன்ன 358 பொருள் பட்டியலையும் 25 சதவீதத்தையும் அங்கே எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ரயில்வேக்கும் தனித் தளம், பெரம்பூர் ஐ.சி.எஃப். போன்ற இடங்களுக்குக் கொடுக்க ஆசை இருந்தால் அங்கே தனியாகப் பதிய வேண்டும். திருச்சி பெல், நெய்வேலி என்.எல்.சி. மாதிரி பொதுத்துறை நிறுவனங்களுக்கு மத்தியக் கொள்கை பொருந்தும். இவர்களைப் போன்ற வாங்குபவர்களைச் சந்திக்க, கிண்டியிலுள்ள மத்திய அரசின் சிறு தொழில் வளர்ச்சி அலுவலகம் விற்பனையாளர் சந்திப்புகள் நடத்தும். ஒரு நாள் பட்டறையை மூடிவிட்டுப் போனாலும் பரவாயில்லை, ஒரு தடவை போய் வாருங்கள்.

முதல் வேலையாக உத்யம் சான்றை எடுத்து, முக்கியத் தொழில் வரியைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் ஒரே ஒரு பீரோவை, ஒரே ஓர் அளவில், சரியான தகட்டுக் கனமும் நல்ல நான்கு படங்களும் போட்டு ஜெம்மில் ஏற்றுங்கள். ரேக்கும் மேசையும் பிறகு வரட்டும். உங்களைத் திருப்பி அனுப்பிய அதே அலுவலகத்துக்கு, அந்தப் பொருளின் ஜெம் எண்ணை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.